ஷெல்லுக்குத் தப்பிய உறுதி, செல்லுக்குத் தப்பவில்லை

2022 ஆவணி. கனடாவில் இருக்கும் தங்கச்சி தன் பங்குக் காணிக்கு அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் இன்னொருவர் செயற்படும் அதிகாரப் பத்திரம்) எழுத வேண்டும், மூல உறுதியை, அதாவது காணி உரிமைப் பத்திரத்தை, படமெடுத்து அனுப்பு என்று கேட்டாள். அம்மா பின்னறை அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்து மஞ்சள் துணியில் சுற்றிய கட்டை எடுத்தார். கையில் தூக்கியதுமே முகம் மாறிவிட்டது. "என்னடா தம்பி, இது பாரமில்லாமக் கிடக்கு?"

துணியின் மேற்புறத்தில் ஒரு கறைகூட இல்லை. அவிழ்த்தபோது முதல் தாளும் முழுசாகத்தான் இருந்தது. ஓரத்தைப் பிடித்து அதைத் தூக்கினால் அடியில் தாளைக் காணவில்லை, மண் இருந்தது. கொஞ்சம் ஈரமான, சாம்பல் நிற மண். காகிதம் இருந்த இடத்தில் காகிதத்தின் அளவுக்கே மண்ணை நிரப்பியிருந்தன. விரலால் கிளறியதும் அரிசிக் குறுணல் போன்ற வெள்ளைப் பூச்சிகள் ஓட்டை தேடி நாலாபக்கமும் ஓடின. கடைசித் தாளின் பாதி மட்டும் மிஞ்சியது.

1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தில் போருக்குத் தப்பி வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது அந்தக் கட்டு அப்பாவின் சைக்கிள் கரியரில் போனது. அடுத்த வருடம் அப்படியே திரும்பி வந்தது. அம்மா நிலத்தில் இருந்துகொண்டு மண்ணைத் தட்டித் தட்டிச் சொன்னார்: "ஷெல்லுக்குத் தப்பினது, செல்லுக்குத் தப்பேல்லையே."

செல் என்றால் கறையான். உரும்பிராயில் உள்ள எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு பதினான்கு மாதம் நடந்ததை இங்கே எழுதுகிறேன். முதல் மூன்று மாதம் நாங்கள் செய்தவை எல்லாமே பிழை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வீடு

அம்மப்பா 1964இல் கட்டி அம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. சுண்ணக்கல் சுவர், கூரைக்குப் பனஞ்சிலாகை (பனைமரச் சட்டங்கள்), மேலே ஓடு, வன்னியில் இருந்து வந்த முதிரை மரத்தில் கதவு நிலைகள். கக்கூசு வளவின் கோடியில், குளிப்பு கிணற்றடியில். வீட்டுக்குள் தண்ணீர் என்றால் குசினிக் குடத்தில் இருப்பது மட்டும்தான். ஏறத்தாழ ஐம்பது வருடம் இந்த வீட்டில் கறையான் தொல்லை இருந்ததாக அம்மாவுக்கு நினைவில்லை. வேலிக் கதியாலைத் தின்னும், விறகு அடுக்கின் அடிக்கட்டையைத் தின்னும், உள்ளே வராது.

2011இல் அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் கூடியதால் பின்னறையோடு சேர்த்து ஒரு குளியலறை கட்டினோம். அறைச் சுவரை உடைத்துக் கதவு வைத்தோம். மலிவாகக் கிடைத்த ஏதோ மரத்தில் நிலை. தரைமட்டத்தைச் சரிப்படுத்தச் சுண்ணக்கல் மக்கி (கல்லும் தூளும் கலந்தது) கொட்டி இறுக்கிச் சீமெந்து போட்டார் மேசன். பைப்பெல்லாம் சுவருக்குள். மிஞ்சிய பலகைத் துண்டுகளையும் மக்கியோடு சேர்த்து உள்ளே போட்டு மூடியிருக்கிறார்கள் என்பது பதினொரு வருடம் கழித்துத் தோண்டியபோதுதான் தெரிந்தது. அதே சுவரின் மறுபக்கத்தில், அறைக்குள், சுவரோடு பொருத்தி ஒரு பிளைவூட் அலுமாரி. உறுதிக் கட்டு இருந்தது அதில்தான்.

ஒயிலும் மண்ணெண்ணெயும்

அலுமாரியை வெறுமையாக்கி முதுகுப் பலகையைக் கழற்றினோம். சுவரின் மூலையில் பென்சில் தடிப்பில் மூன்று மண் குழாய்கள் நிலத்தில் இருந்து மேலே ஏறிப் போயின. ஒன்று அலுமாரிக்குள் திரும்பியது. ஒன்று குளியலறைக் கதவு நிலைக்குள் நுழைந்தது. மூன்றாவது நேரே முகட்டுப் பக்கம் போய் ஒரு சிலாகையின் அடியில் மறைந்தது.

பக்கத்து வீட்டு அண்ணை வந்து பார்த்துவிட்டு, "உது பழைய வீடு தம்பி, பழைய மரம். தின்னத்தானே செய்யும்" என்றார். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. கராஜில் கழிவு ஒயில் வாங்கிவந்து நிலைக்குப் பூசினோம். குழாய்களை உடைத்து மண்ணெண்ணெய் ஊற்றினோம். அந்தக் கிழமைதான் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஏறியிருந்தது. அம்மாவுக்கு உறுதி போனதைவிட அதுதான் பெரிய கவலை. "குப்பி விளக்குக்கு இல்லாத எண்ணெயைக் கறையானுக்கு ஊத்துறான்" என்று தங்கச்சிக்கு போனில் முறைப்பாடு.

பத்தாம் நாள் புதுக் குழாய் வந்தது, ஒயில் பூசிய இடத்தில் இருந்து இரண்டு அடி தள்ளி.

அடுத்ததாகக் காசு கொடுத்து மருந்து அடிப்பித்தோம். வந்தவர் முதுகில் தாங்கியோடு அறை முழுக்கச் சுவருக்கு அடித்தார், குழாய்களுக்கு அடித்தார், கட்டில் காலுக்கும் அடித்தார். அரை மணித்தியாலம், 18,000 ரூபா, "மூண்டு வருசத்துக்குப் பயமில்லை". எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்கவுமில்லை, நாங்களும் சொல்லவில்லை. அம்மா விறாந்தையில் நுளம்பு வலை கட்டிப் படுத்தார். உடுப்பெல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிகளுக்குள் போனது. எதை எடுத்தாலும் உதறிப் பார்த்துவிட்டு எடுக்கும் பழக்கம் எல்லோருக்கும் வந்தது. சாமியறையில் பஞ்சாங்கத்தைக்கூட அம்மா தட்டிப் பார்த்தார்.

ஐப்பசி கடைசியில் முதல் பெருமழைக்கு மறுநாள் காலையில் பின்னறையைத் திறந்தேன். யன்னல் இரவு முழுக்கப் பூட்டியிருந்தது. நிலத்தில், குளியலறை நிலையின் அடியில், இறகுகள் குவிந்து கிடந்தன. நான்கும் ஒரே நீளமான ஈசல் இறகுகள். எறும்புக்கும் சிறகு முளைக்கும், அதற்கு முன்னிறகு நீளம், பின்னிறகு கட்டை. வெளியில் இருந்து விளக்குக்கு வந்த ஈசல் என்றால் விளக்கடியில் கிடக்க வேண்டும். இவை நிலைக்குள் இருந்தே புறப்பட்டிருக்கின்றன. சிறகு முளைத்தவற்றை அனுப்பும் அளவுக்கு ஒரு கூட்டம் எங்கள் தரைக்குள் வளர்ந்திருந்தது. மூன்று வருடம் தாங்கும் என்ற மருந்து ஆறு கிழமைகூடத் தாங்கவில்லை.

உளுவா, செல்லா

அன்றைக்குத்தான் முதல் முறையாக ஆறுதலாக இருந்து பார்த்தேன். நியாயமாக இதுதான் முதலில் செய்திருக்க வேண்டியது.

மரத்தைத் தின்னும் எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைச் சொல்லி ஒரே மருந்தை அடிக்கிறோம். நம் பேச்சிலோ இரண்டுக்கும் தனித்தனிச் சொல் பழைய காலத்தில் இருந்தே இருக்கிறது. உளுத்தல் வேறு, செல்லரித்தல் வேறு. உளுத்த மரத்தில் குண்டூசி முனையளவு வட்ட ஓட்டைகள் இருக்கும், அதற்குள் இருந்து மா போலத் தூள் கொட்டும். அது வண்டின் குடம்பி (புழு) செய்யும் வேலை. குசினி மேசையின் கீழ் நான் கண்ட தூள் அந்த வகை. அதற்கும் பின்னறைக்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆனால் மருந்து அடித்தவர் அந்த மேசைக்கும் சேர்த்துத்தான் அடித்தார். இன்னொன்று, மண்ணோடு ஒட்டே இல்லாமல் காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கறையான். அது மண் குழாய் கட்டாது. ஆறு பட்டை உள்ள, ரவை போன்ற கழிவுகளைத் தள்ளிவிடும். வில்லைக் கண்ணாடி வைத்துத் தேடினேன், அப்படி ஒன்றும் இல்லை.

எங்களுடையது மண் கறையான். அதன் உடம்பு மெல்லியது, காற்றுப் பட்டால் காய்ந்து செத்துவிடும். அதனால்தான் போகிற வழியெல்லாம் மண்ணும் எச்சிலும் குழைத்துக் குழாய் கட்டிக்கொண்டு, ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டு போகிறது. ஒரு குழாயை உடைத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. உரும்பிராய் மண் செம்மண். மழை பெய்தால் வளவே காவி கரைத்துவிட்ட மாதிரி இருக்கும். வேலியில் கறையான் கட்டிய குழாயும் சிவப்பு. என் கையில் இருந்தது சாம்பல் வெள்ளை. உறுதிக் கட்டுக்குள் இருந்த மண்ணும் அதே நிறம்தான். இந்த வளவில் அந்த நிறம் இருப்பது ஒரே ஒரு இடத்தில்: குளியலறைத் தரைக்குக் கீழே கொட்டிய சுண்ணக்கல் மக்கி.

சரி, அங்கே என்ன ஈரம்?

தாங்கியில் ஒரு கோடு

அன்றிரவு எல்லோரும் படுத்த பிறகு ஆயிரம் லீற்றர்த் தாங்கிக்கு ஏறி, உள்ளே தண்ணீர் நின்ற மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டேன். ஒருவரும் தண்ணீர் திறக்கக்கூடாது, அவசரம் என்றால் வாளியில் அள்ளி வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். காலை ஆறு மணிக்குப் பார்த்தால் தண்ணீர் கோட்டில் இருந்து இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. தாங்கியின் விட்டம் ஒரு மீற்றர். கணக்குப் பார்த்தால் சுமார் 40 லீற்றர், எட்டு மணித்தியாலத்தில். ஒரு நாளைக்கு 120 லீற்றர் சுவருக்குள் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. எத்தனை வருடமாக என்று யாருக்குத் தெரியும்.

போதாததற்கு அந்த வருட மின்வெட்டு. கரண்ட் வந்த நேரமெல்லாம் மோட்டரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவோம். தாங்கி வழிந்து, வழிவுக் குழாய் அதே பின்சுவரின் அடியில் கொட்டும். அந்த ஈரத்தில் வாழை நன்றாக வருகிறது என்று அம்மா இரண்டு கதலியும் வைத்திருந்தார்.

பைப் வேலை செய்பவர் வந்து குளியலறைச் சுவரில் பதித்த ஓடுகளைக் கழற்றிக் கொத்தினார். முழங்கை மூட்டு ஒன்றில் மயிரிழை வெடிப்பு. வெளியே வந்த தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு படிந்து அந்த மூட்டைச் சுற்றி வெள்ளைப் பூ மாதிரிப் பூத்திருந்தது. நம் கிணற்றுத் தண்ணீர் அப்படி, கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதற்குக் கீழே மக்கி சேறாக இருந்தது. சேற்றுக்குள் மேசன் 2011இல் புதைத்த பலகைத் துண்டுகள், துண்டு துண்டாக, தேன்கூடு போல.

பழைய வீடு, பழைய மரம் என்று எல்லோரும் சொன்னார்களே. தின்னப்பட்ட மரங்களில் 1964ஆம் ஆண்டுக்குரியது சிலாகை ஒன்றுதான். மற்றதெல்லாம் 2011இலோ அதற்குப் பின்னோ வந்தவை. முதிரை நிலைகளில் ஒரு கீறல் இல்லை. அந்தச் சிலாகையிலும் வெளிவைரத்தைத் தொடாமல் உள்ளே இருந்த சோற்றை, அதாவது மென்மையான நடுப்பகுதியைத்தான் தின்றிருக்கிறது. முதிரை போன்ற மரங்களுக்கு வைரம் உள்ளே, பனைக்கு வெளியே. தொல்காப்பியம் சொல்லும் புறக்காழ் இதுதான். அதனால் தட்டிப் பார்க்காமல் பனையின் நோய் தெரியாது. நல்ல சிலாகை கணீர் என்று சொல்லும். இது பறை மாதிரி அதிர்ந்தது.

260 லீற்றர்

இனி மருந்து. இந்த இடத்தில்தான் வீட்டுக்குள் சண்டை வந்தது.

இன்னொரு ஆள் வந்து அளந்தார். வீட்டைச் சுற்றிக் கான் வெட்டி, மண்ணுக்குள் மருந்துக் கரைசலை விட்டு, ஒரு வேலி மாதிரி ஆக்குவது. வழமையான கணக்கு, நீளத்தில் ஒரு மீற்றருக்கு 5 லீற்றர். எங்கள் வீட்டுச் சுற்றளவு 52 மீற்றர், ஆக 260 லீற்றர் கரைசல். "செய்தா ஒரேயடியாச் செய்து முடிப்பம்" என்றான் என் தம்பி. அவன் கொழும்பில் இருக்கிறான், அங்கே குழாய்த் தண்ணீர்.

எங்கள் கிணறு பின்சுவரில் இருந்து 22 அடியில் இருக்கிறது. குடிப்பதும் அதில்தான். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் கிடையாது. மழைத் தண்ணீர் செம்மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்குவதைத்தான் எல்லோரும் அள்ளிக் குடிக்கிறோம். நிலாவரை ஆழ்கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்த்தவனுக்கு அந்தப் பாறை எவ்வளவு ஓட்டை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதையும் இருக்கிறது. ஓரிடத்தில் ஊற்றியது அந்த இடத்திலேயே நிற்கும் என்று சொல்ல இது களிமண் நாடு அல்ல. அந்த ஆள் சொன்ன மருந்து ஃபிப்ரோனில். கறையானுக்கு அது நல்ல மருந்து, அதில் எனக்குச் சந்தேகமில்லை. வாடை தெரியாததால் கறையான் விலகிப் போகாது, உடம்பில் பட்டதைக் கூட்டத்துக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும். முதலில் அடித்தது பட்ட இடத்தில் கொல்வது, மிச்சத்தை வேறு வழிக்குத் திருப்பிவிடுவது, அவ்வளவுதான். ஆனால் ஃபிப்ரோனில் மீனுக்குக் கடும் நஞ்சு. நுளம்புக் குடம்பியைத் தின்னட்டும் என்று கிணற்றில் விட்ட மீன்கள் இருக்கின்றன. மீனுக்கு ஆகாததை அம்மாவின் தேத்தண்ணிக்குள் விட எனக்கு மனம் வரவில்லை.

அது முற்றாகத் தேவையில்லை என்றும் நான் சொல்லவில்லை. அதே ஆளிடம், சுற்றிவர வேண்டாம், கதவு நிலையின் இரண்டு பக்கத்திலும் அலுமாரி மூலையிலும் சுவருக்குள் மட்டும் பீச்சுங்கோ என்று கேட்டேன். முகம் சுளித்தார், பிறகு செய்தார். மூன்று துளை, மொத்தமாக இரண்டு லீற்றருக்கும் குறைவு, கிணற்றுக்கு எதிர்ப்பக்கமாக. அதுவும் பைப்பைத் திருத்தி, சேற்று மக்கியை அள்ளி எறிந்து, தரை காயும்வரை மூன்று கிழமை பொறுத்த பிறகு. ஈரம் நிற்கும்போதே மருந்து விட்டால் திரும்பவும் கதை முதலில் இருந்துதான்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளியலறைக்கு அலுமினிய நிலை போட்டோம். பிளைவூட் அலுமாரியை எரித்தோம். புதிதாக வாங்கியது இரும்பு, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி, செங்கல்லின் மேல். வழிவுக் குழாயை நீட்டித் தென்னையடிக்குக் கொண்டுபோனோம். வாழை இரண்டையும் வெட்டியபோது அம்மா இரண்டு நாள் கதைக்கவில்லை. சிலாகைகளின் தெரிகிற பகுதிகளுக்கு வெண்காரக் (போராக்ஸ்) கரைசல் பூசினோம். மழை படாத உள்மரத்துக்கு அது போதும், நனைகிற இடத்தில் கழுவிக்கொண்டு போய்விடும். பைப்புக்கும் மேசனுக்கும் சேர்த்து 32,000 ரூபா.

வடக்கு வேலியோரத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு புற்று இருக்கிறது. அதை இடிக்கத் தம்பி போனில் கட்டளை போட்டான். அம்மா அதற்கு வெள்ளிக்கிழமை மஞ்சள் தெளிப்பவர். "நாகதம்பிரான் இருக்கிற இடம், கைவைச்சா நான் இஞ்ச இருக்கமாட்டன்." நான் அம்மா பக்கம் நின்றேன், பயபக்தியால் மட்டும் அல்ல. புற்றுக் கட்டும் கறையானும் வீட்டுக்குள் வரும் கறையானும் ஒரே இனம் என்று இல்லை. எங்கள் குழாயின் நிறம் வேறு கதை சொல்லியிருந்தது. புற்று அப்படியே இருக்கிறது.

பென்சில் திகதிகள்

2022 மார்கழியில் எல்லாக் குழாய்களையும் நடுவில் ஒரு அங்குலம் உடைத்துவிட்டு, பக்கத்துச் சுவரில் பென்சிலால் திகதி எழுதினேன். உள்ளே உயிர் இருந்தால் அந்த இடைவெளியை ஒன்றிரண்டு நாளில் அடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ரோர்ச் அடித்துப் பார்ப்பது. முதல் கிழமை இரண்டு அடைபட்டிருந்தன. உடைத்துத் திரும்பத் திகதி எழுதினேன். மூன்றாம் கிழமை ஒன்று, அதுவும் அரைகுறையாக. தை நடுப்பகுதிக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

வெளியே பின்சுவரோரமாக நான்கு பலகைத் துண்டுகளைச் செம்மண்ணுக்குள் குத்தி வைத்தேன். கிழமைக்கு ஒருக்கால் பிடுங்கிப் பார்த்து, ஏறியிருந்தால் கோழிக்குஞ்சுகளுக்கு முன் தட்டிவிடுவது. அம்மாவின் சின்ன வயதில் சட்டிக்குள் சாணமும் வைக்கோலும் போட்டுக் கவிழ்த்துக் கறையான் பிடிப்பார்களாம், குஞ்சுக்குத்தான். "அப்ப பிடிக்கக் கஷ்டப்பட்டம்" என்று சிரித்தார். உறுதி போன பிறகு அவர் அந்தப் பேச்சில் சிரித்தது அன்றைக்குத்தான். பலகைகளில் இப்போதும் ஏறுகின்றன, சிவப்பு மண்ணோடு. வளவில் கறையான் இல்லாமல் போகாது, போகவும் தேவையில்லை.

2023 ஐப்பசியில் மழைக்குப் பிறகு வாசல் விளக்கடியில் ஈசல் குவிந்தது. பின்னறையை நான்கு நாள் தொடர்ந்து பூட்டித் திறந்தேன். ஓர் இறகும் இல்லை. ஒரு வருடத்தை வைத்து முடிந்துவிட்டது என்று சொல்ல நான் தயாராக இல்லை, மருந்தா ஈரம் போனதா எது அதிகம் உதவியது என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தோம். தாங்கிக் கோட்டை மட்டும் மாதம் ஒருமுறை பார்க்கிறேன்.

உறுதியைப் பொறுத்தவரை, மிஞ்சிய அரைத் தாளில் நொத்தாரிசின் பெயரும் உறுதி இலக்கமும் திகதியும் இருந்தது அதிர்ஷ்டம். நொத்தாரிசு எழுதும்போது ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும் என்பதால், அதை வைத்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்க முடிந்தது. தங்கச்சியின் வேலை ஐந்து மாதம் பிந்தி நடந்தது. அம்மா அப்பாவின் கலியாண அல்பத்துக்கு அப்படி ஒரு பதிவகம் இல்லை. அதில் தாலி கட்டும் படத்தில் மேளகாரர் இருவரும் ஐயரின் ஒரு கையும் மட்டும் இருக்கிறார்கள். அம்மா அதை எறிய விடவில்லை, பிஸ்கட் ரின்னுக்குள் போட்டு இரும்பு அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார்.

அந்தச் சிலாகையின் சுவருக்குள் போகும் முனையை இன்னும் பார்க்கவில்லை. ஓடு கழற்றினால்தான் தெரியும். மாசியில் மழை விட்டதும் வருகிறேன் என்று தச்சர் சொல்லியிருக்கிறார். அதுவரை அதன் கீழே ஒரு முட்டுக்கட்டை நிற்கிறது, அதன் அடியில் ஒரு செங்கல்.